ஒற்றை ஆசிரியர் துறைகளும் திறந்த கல்வி வளங்களும்: இணையவழிப் பயிலரங்கம் ஒன்றின் அனுபவப் பதிவு

முன்னுரை

தமிழகத்திற்கு வெளியே உள்ள கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் தத்தம் துறைகளில் தனித்தே இயங்கி வருகின்றனர். பெங்களூரில் உள்ள கல்லூரியொன்றில் எட்டு ஆண்டுகளாகத் தமிழ்ப் பாடம் நடத்திவரும் நானும் அத்தகையோருள் ஒருவன். துறைத்தலைவர், பாடம் நடத்துபவர், வினாத்தாள் அமைப்பவர், நூலகத்திற்கு நூல்களைப் பரிந்துரைப்பவர் ஆகிய அனைவரும் ஒருவரே. ஒரு பாடலை எவ்வாறு நடத்தலாம் என்று ஆசிரியர் அறையில் கேட்பதற்கு அருகில் மற்றொரு தமிழாசிரியர் இல்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் வீட்டில் தமிழ் பேசுவோர் பலர். பள்ளியில் தமிழை முறையாகப் பயின்றோர் சிலரே. கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ தமிழ்ச் சொற்களைக் குறித்துக்கொள்ளும் மாணவர்களுக்குச் சங்கப் பாடலை நடத்தும் முறையினை எந்த முனைவர் பட்ட ஆய்வும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான கல்விப் பணியாளர் கல்லூரிகள் புத்தொளிப் பயிற்சிகளை நடத்தி வந்தன. பின்னர் அவை மனித வள மேம்பாட்டு மையங்களாகவும், 2023-இல் மாளவியா திட்டத்தின்கீழ் ஆசிரியர் பயிற்சி மையங்களாகவும் பெயர் மாறின. அப்பயிற்சிகளில் நானும் கலந்துகொண்டு பயன்பெற்றுள்ளேன். எனினும், தமிழுக்கெனத் தனியே அமையும் பயிற்சிகள் பெரும்பாலும் தமிழகச் சூழலை மனத்திற்கொண்டே அமைகின்றன. வெளிமாநில ஆசிரியரின் இடர்ப்பாடுகள் அங்கே தேநீர் இடைவேளைப் பேச்சாக முடிந்துவிடுகின்றன.

இக்குறையை ஓரளவேனும் போக்கும் எண்ணத்துடன் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நான்கு வாரங்கள் நடைபெற்ற இணையவழிப் பயிலரங்கம் ஒன்றினை நண்பர்கள் இருவருடன் இணைந்து உருவாக்கினேன். பொருளுதவி ஏதுமின்றித் திறந்த கல்வி வளங்களை மட்டுமே கொண்டு அதனை அமைக்க முயன்றோம். அம்முயற்சியில் பெற்ற பயனையும், நான் செய்த பிழைகளையும், அப்பிழைகள் கற்பித்த பாடங்களையும் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலவசமும் திறந்தமையும்

'திறந்த கல்வி வளம்' என்னும் தொடர் 2002-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய கருத்தரங்கில் வழக்கிற்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் அனைவர்க்கும் வழங்கப்போவதாக அறிவித்திருந்தது. நம் நாட்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் தேசியத் தொழில்நுட்பவழிக் கற்றல் திட்டம் 2003-இல் தொடங்கப்பெற்றது. 2017-இல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' தளம் இதன் அடுத்த படிநிலை எனலாம். 2019-இல் யுனெஸ்கோவின் பொது மாநாடு திறந்த கல்வி வளங்கள் குறித்த பரிந்துரையினை ஏற்றுக்கொண்டது.

இச்செய்திகளையெல்லாம் அறிந்திருந்தும், பயிலரங்கத்தைத் திட்டமிடத் தொடங்கியபோது இலவசமாகக் கிடைப்பதற்கும் திறந்ததாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் உணர்ந்திருக்கவில்லை. இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைப்பவை யாவும் எடுத்தாளத்தக்கவை என்றே எண்ணியிருந்தேன். ஒரு வளம் திறந்ததாக இருப்பதற்கு ஐந்து உரிமைகள் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி வகுத்துரைத்துள்ளார். படியை நம்மிடம் வைத்துக்கொள்ளல், மீண்டும் பயன்படுத்தல், திருத்தியமைத்தல், பிறவற்றோடு கலத்தல், பிறர்க்குப் பகிர்தல் என்பன அவை. கோயில் மண்டபத்தில் யாரும் அமரலாம். அதன் தூணைப் பெயர்த்துத் தம் வீட்டிற்குக் கொண்டுசெல்ல இயலாது. இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் காணொலிகள் பல அம்மண்டபத்தைப் போன்றவை. விதைநெல்லோ வேறுவகை, வாங்கியவர் விதைக்கலாம், விளைந்ததைப் பிறர்க்கும் தரலாம்.

எடுத்தாளும் உரிமையினை ஆசிரியரே முன்கூட்டி எழுதி வைப்பதற்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் உதவுகின்றன. 2002-ஆம் ஆண்டு இறுதியில் முதன்முதலாக வெளியான இவ்வுரிமங்கள் நான்கு நிபந்தனைகளின் சேர்க்கையால் அமைவன. அவை ஆக்கியோன் பெயர் குறிப்பிடல், அதே உரிமத்தில் பகிர்தல், வணிக நோக்கின்மை, மாற்றம் கூடாமை என்பன. இச்சேர்க்கைகளால் ஆறு உரிமங்கள் கிடைக்கின்றன. இவ்வாறினையும் வேறுபடுத்தி அறிவதே எங்கள் முதற்பணியாயிற்று.

தமிழ் வளங்களின் நிலை

இவ்வகையில் தமிழ் பேறு பெற்ற மொழி என்றே கூறவேண்டும். பாரதியார் படைப்புகளின் உரிமையினை 1949-இல் அரசு பெற்றுப் பின்னர் அவற்றை மக்களுக்கு உரியவையாக்கியது. அவ்வழியில் தமிழக அரசு அறிஞர் பலரின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர்தம் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கி வந்துள்ளது. உரிமங்கள் குறித்த உலகப் பேச்சு தோன்றுவதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்னரே நம்மிடம் தோன்றிய திறந்த வள நெறி இது.

மின்வடிவிலும் நம் முயற்சிகள் முந்தியவை. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவியிருந்த தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் இலக்கியங்களை மின்னூலாக்கியது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்குகிறது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005-இல் ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டமும் தொடங்கின. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் மெய்ப்புப் பார்க்கப்பட்டு வருகின்றன.

ஆயினும் ஒவ்வொரு நூலிலும் உரிமை பல அடுக்குகளாக உள்ளது என்பதைப் பணியின்போதே கண்டோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். எனவே 1942-இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் எழுத்துகள் 2003 முதலும், 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2009 முதலும் சட்டப்படியே பொதுவுரிமை ஆகிவிட்டன. சங்கப் பாடலுக்கு உரிமையாளர் யாருமில்லை. ஆனால், அப்பாடலுக்கு அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட உரைக்கு உரிமையாளர் உண்டு. மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஒன்று பொதுவுரிமை, மற்றொன்று தனியுரிமை. வகுப்பறையில் கற்பிக்கும்பொழுது நூற்பகுதிகளைப் படியெடுக்கச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பாடத்தொகுப்புப் படிகள் பற்றிய வழக்கில் 2016-இல் தில்லி உயர்நீதிமன்றமும் அதனை விரிவான பொருளில் உறுதிப்படுத்தியது. எனினும், வகுப்பில் வழங்குவதும் உலகம் முழுவதற்குமாக இணையத்தில் வெளியிடுவதும் ஒன்றல்ல. உரிமை தெளிவாக இல்லாதவற்றைப் படியெடுக்காமல், அவை உள்ள இடத்தின் முகவரியை மட்டும் தருவது என்று முடிவு செய்தோம்.

பயிலரங்கத்தின் அமைப்பு

'ஸ்வயம்' பாடங்களுக்கு நான்கு கூறுகள் வகுக்கப்பட்டுள்ளன. காணொலி விளக்கம், படிப்பதற்குரிய பாடப்பகுதி, கலந்துரையாடல், தன்மதிப்பீடு என்பன அவை. எங்கள் பயிலரங்கமும் இந்நான்கினையே சட்டகமாகக் கொண்டது. கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவர் கல்லூரி வழங்கியில் 'மூடுல்' என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவித் தந்தார். புதன், சனி மாலைகளில் ஒரு மணி நேரம் நேரலை; மற்ற நேரங்களில் அவரவர் வசதிப்படி பயிற்சி. கருநாடகம், கேரளம், ஆந்திரம், மும்பை, தில்லி, தமிழகம் ஆகிய பகுதிகளிலிருந்து 31 பேர் பதிவு செய்தனர்.

முதல் வாரம் கற்பித்தல் முறை பற்றியது. இதற்குப் பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்னின்று, கருநாடகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் பள்ளி ஆசிரியர்களுக்காக உருவாக்கிய டெஸ்-இந்தியா பாடங்கள் பெரிதும் வழிகாட்டின. அவை திருத்தவும் பகிரவும் இசைவுள்ள உரிமத்தில் வெளியானவை. ஆங்கில மூலத்தை நேரே மொழிபெயர்த்தபோது தமிழ் நடை இறுகி நின்றது. அதே பாடத்தின் கன்னட வடிவத்தைப் படித்தபின்னரே வழி புலப்பட்டது. ஒரு வகுப்பறை நிகழ்ச்சியைக் கூறி, ஆசிரியரைச் சற்று நிறுத்தி, 'உங்கள் வகுப்பில் இது எவ்வாறு நிகழும்?' என்று வினவும் அம்முறையினைக் கன்னடம் இயல்பாக ஏற்றிருந்தது. தமிழிலும் அவ்வாறே எழுதிப் பார்த்தோம். நன்னூல் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்திருப்பதை இதனுடன் இணைத்தோம். பங்கேற்றோர் பலரும் இலக்கணப் பாடமாக மனனம் செய்திருந்த அப்பகுதியைத் தம் வகுப்பறைக்குரிய பயிற்சிக் குறிப்பாகப் படிப்பது இதுவே முதன்முறை என்றனர்.

இரண்டாம் வாரம் மூல இலக்கியத்தை மின்வடிவில் கையாளுதல். மூன்றாம் வாரம் ஒருங்குறியும் சொற்றேடலும். நான்காம் வாரம் ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை உருவாக்கித் திறந்த உரிமத்தில் வெளியிடுதல். பலர் கைப்பேசியிலேயே பயின்றமையால் காணொலிகளைப் பத்து நிமிடத்திற்குள் சுருக்கி, ஒவ்வொன்றிற்கும் ஒலிவடிவத்தையும் தனியே தந்தோம்.

தலைப்புப் பக்கம்

இனி என் பிழைக்கு வருகிறேன். இரண்டாம் வாரப் பாடத்திற்காகத் தன்னார்வலர் தொகுப்பிலிருந்து ஒரு பழந்தமிழ் நூலின் மின்கோப்பினை எடுத்துக்கொண்டேன். இத்தகைய கோப்புகளின் தொடக்கத்தில் தலைப்புப் பக்கம் ஒன்று இருக்கும். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பினை உருவாக்கியவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இடம்பெறும். அப்பக்கத்தைச் சிதைக்காமல் வைத்திருந்தால் யாரும் கோப்பினைப் பகிரலாம் என்பது மதுரைத் திட்டம் விதித்துள்ள எளிய நிபந்தனை. நானோ, பாடக்குறிப்பு பார்ப்பதற்குச் செப்பமாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் அப்பக்கத்தை நீக்கிவிட்டு, மேலே பயிலரங்கத்தின் பெயரையும் என் பெயரையும் சேர்த்து அனுப்பினேன். களவு என்னும் எண்ணம் எனக்குத் தோன்றவேயில்லை. மூலம் பொதுவுரிமை அன்றோ என்னும் துணிவே இருந்தது.

அன்றைய நேரலையின் இறுதியில் மும்பையிலிருந்து பங்கேற்ற அம்மையார் ஒருவர் பேச அனுமதி கேட்டார். கௌரவ விரிவுரையாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பயிலரங்கில் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தவர். அவர் சொன்னார்: "தம்பி, இந்தக் கோப்பு நான் தட்டச்சு செய்தது. பல ஆண்டுகளுக்கு முன்னால், வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது இரவில் உட்கார்ந்து அடித்தேன்."

அது தம்முடைய கோப்பு என்று எவ்வாறு அறிந்தீர்கள் என வினவினேன். ஒரு வரியில் றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். "அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். திருத்தம் அனுப்ப நினைத்து விட்டுப்போயிற்று. அந்தப் பிழை இத்தனை ஆண்டுகள் என் மனத்தில் இருந்தது. நீங்கள் என் பெயரை எடுத்துவிட்டீர்கள், பிழையை எடுக்கவில்லையே" என்று சிரித்துக்கொண்டே கூறினார்.

அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தனர். என்னால் இயலவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குத் திறந்த வளங்களின் அறத்தைக் கற்பிக்க முன்வந்தவன் அவ்வறத்தின் முதல் நிபந்தனையையே மீறியிருந்தேன். அதனினும் வருத்தியது, மூலத்தை அச்சு நூலோடு ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பாராமல் ஆசிரியர்களின் கையில் கொடுத்தமை. பதிப்பியல் வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த வரலாற்றை உணர்ச்சியோடு விளக்குபவன் நான். தமக்கு ஏடு உதவியோரின் பெயர்களை அவர் தம் முகவுரைகளில் பதிவு செய்த பாங்கினையும் பாராட்டிப் பேசியிருக்கிறேன். அம்முகவுரைக்கு நேரான ஒன்றை மின்கோப்பில் கண்டபோது அதனைத் தேவையற்ற தாள் என்று நீக்கியிருக்கிறேன். ஏட்டிலிருந்து அச்சிற்கு நூல்களைக் கொண்டுவந்தோரைப் போற்றும் நாம், அச்சிலிருந்து மின்வடிவிற்குக் கொண்டுவந்தோரைப் பெயர் அறியாத பணியாளராகவே கருதி வருகிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே தலைப்புப் பக்கத்துடன் கூடிய கோப்பினையும், மன்னிப்புக் கடிதம் ஒன்றினையும் அனைவர்க்கும் அனுப்பினேன்.

பௌவமும் பெளவமும்

மூன்றாம் வாரத்தில் சொற்றேடல் பயிற்சியாக, கடலைக் குறிக்கும் 'பௌவம்' என்னும் சொல் சங்க நூல்களில் எங்கெங்கு வருகிறது எனத் தேடுமாறு பங்கேற்றோரைக் கேட்டிருந்தோம். வெவ்வேறு மின்தொகுப்புகளைப் பயன்படுத்தியோர் வெவ்வேறு எண்ணிக்கை தந்தனர். ஒருவர்க்கு ஓரிடத்திலும் கிடைக்கவில்லை. பாடலைத் திறந்து பார்த்தால் சொல் கண்முன்னே இருக்கிறது. தேடினால் கணினி இல்லை என்கிறது.

காரணத்தைத் தேடியபோது கிடைத்த விளக்கம் தமிழாய்வாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியதாகும். 'பௌ' என்னும் எழுத்தின் இறுதியில் உள்ள குறியும் ளகர மெய்யெழுத்தின் உயிர்மெய் வடிவமும் அச்சில் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. தட்டச்சு செய்வோர் பலர் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் கொம்பினையும் ளகரத்தையும் இட்டுவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ ஒன்று 'பௌவம்', மற்றொன்று 'பெ' என்னும் எழுத்தும் 'ள' என்னும் எழுத்தும் அடுத்தடுத்து நிற்கும் வேறொரு சொல். இதனைப் போன்றே, பழைய எழுத்துருக்களில் இருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கோப்புகளில் 'ரி' என்னும் எழுத்து துணைக்காலும் இகரக் குறியுமாக உடைந்து கிடப்பதைப் பரவலாகக் காணலாம். 'ஆசிரியர்' என்று தேடினால் 'ஆசிாியர்' கிடைப்பதில்லை. ஆசிரியர் பயிலரங்கில் ஆசிரியரையே கணினி கண்டுகொள்ளவில்லை என்று கேரள நண்பர் ஒருவர் நகையாடினார்.

இது நகைப்பிற்குரியதாக மட்டும் முடிவதன்று. சொல்லடைவுகளையும், சொற்களின் வருகை எண்ணிக்கையையும் அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடுகள் இன்று பெருகி வருகின்றன. மின்தொகுப்பில் தேடி, 'இச்சொல் இந்நூலில் இடம்பெறவில்லை' என்று எழுதும் மாணவர்க்கு இவ்வுண்மை தெரிந்திருத்தல் வேண்டும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரப்பாடாக ஏற்றபின்னரும், அதற்கு முன்பு உருவான கோப்புகளின் எச்சங்கள் நம் தொகுப்புகளில் தங்கியுள்ளன.

மும்பை அம்மையார் இப்பயிற்சியைத் தம் பணியாகவே எடுத்துக்கொண்டார். அவரும் மற்ற அறுவரும் குழுவாகி, அவர் தட்டச்சு செய்திருந்த நூலையே அச்சுப் பதிப்போடு ஒப்பிட முற்பட்டனர். அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழைய பதிப்பினைத் தேடிப் பார்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கிருந்து பக்கம் பக்கமாகப் படிக்க, அவர்கள் தத்தம் ஊர்களில் கோப்பினைப் பார்த்துக் குறித்தனர். வேறுபாடுகளை மூன்றாகப் பகுத்தோம்: தட்டச்சுப் பிழை, குறியாக்கப் பிழை, பதிப்புகளுக்கிடையிலான பாடவேறுபாடு. மூன்றாவது வகையினைப் பிழையென்று திருத்திவிடாமல் தனியே குறிக்கவேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். தட்டச்சாளர் என்று நான் பெயரின்றி விட்டவரிடமிருந்து பதிப்பாசிரியர்க்குரிய நெறியை நான் கற்றுக்கொண்டேன். திருத்தப் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு அனுப்பப்பட்டது.

உரிமங்களின் உறவு

வளங்களைக் கலப்பதிலும் இடர்கள் நேர்ந்தன. கையேட்டின் ஓர் இயலைத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் பகுதிகளையும், வணிக நோக்கின்மை நிபந்தனை கொண்ட பாடம் ஒன்றின் பகுதிகளையும் பின்னி எழுதியிருந்தேன. இரண்டுமே 'அதே உரிமத்தில் பகிர்க' என்கின்றன. விக்கிப்பீடியாவின் உரிமம் வணிகப் பயன்பாட்டினைத் தடுப்பதில்லை; மற்றையது தடுக்கிறது. ஒரே இயல் இருவேறு உரிமங்களுக்கும் ஒருங்கே கட்டுப்பட இயலாது. எனவே அதனை இரண்டு பாடங்களாகப் பிரித்தோம். ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து வைப்பதற்குத் தடையில்லை. ஒன்றாகக் குழைப்பதற்கே தடை.

மற்றொரு நிகழ்வு. மொழி கற்பித்தல் பற்றிய சிறந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றினை மூன்று இரவுகள் அமர்ந்து தமிழாக்கினேன். பின்னரே அது 'மாற்றம் கூடாமை' நிபந்தனையுடையது என்பதைக் கண்டேன். மொழிபெயர்ப்பும் மாற்றமே. ஆசிரியர்க்கு எழுதினேன், மறுமொழி வரவில்லை. அம்மொழிபெயர்ப்பு இன்றும் என் கணினியில் உறங்குகிறது. உரிமத்தை இறுதியில் அன்றி முதலில் படிக்கவேண்டும் என்பதை நான்காம் வாரப் பாடத்தில் இவ்வனுபவத்தைக் கூறியே விளக்கினேன்.

பயனும் எச்சமும்

பதிவு செய்த 31 பேரில் நான்கு வாரமும் முடித்தவர்கள் 19 பேர். விடைத்தாள் திருத்தும் பணி, இணைய இணைப்பின்மை, வீட்டுப் பொறுப்பு எனக் காரணங்கள் பல. பயிலரங்கின் காலத்தை நாங்கள் தேர்ந்ததிலும் குறை உண்டு. சான்றிதழ் பணி மேம்பாட்டிற்குப் பயன்படுமா எனப் பலர் வினவினர். பயன்படும் என்று எங்களால் உறுதியளிக்க இயலவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் மின்பாட உருவாக்கத்திற்கு மதிப்பெண் அளித்தன. ஆனால், பிறர் உருவாக்கிய திறந்த பாடத்தைத் தம் மாணவர்க்கேற்பத் திருத்தியமைத்தவர்க்கும், மின்மூலத்தின் பிழைகளைக் களைந்தவர்க்கும் அப்படிவத்தில் கட்டம் இல்லை. என் தன்மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எங்கே எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

எனினும் வேறுவகைப் பயன்கள் விளைந்தன. கேரள நண்பர் எழுத்தறிமுகப் பாடத்தில் மலையாள எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளை ஒப்பிடும் அட்டவணையைச் சேர்த்தார். சித்தூர்ப் பகுதி ஆசிரியர் ஒருவர் தெலுங்கு அறிந்த மாணவர்களுக்கென அதனை மாற்றினார். நான் கன்னட வடிவத்தை உருவாக்கிக்கொண்டேன். ஒரு பாடம் மூன்று வகுப்பறைகளுக்கு உரியதாயிற்று. ஒற்றை ஆசிரியர் துறையில் இருப்பவர்க்கு, தம் பாடத்தை மற்றொருவர் படித்துத் திருத்தியிருக்கிறார் என்பதே பெருந்துணை.

2024-ஆம் ஆண்டில் கல்லூரியின் கணினி அமைப்பு மாற்றப்பட்டபோது எங்கள் 'மூடுல்' தளம் இருந்த வழங்கி நிறுத்தப்பட்டது. முன்னறிவிப்பு வந்த மின்னஞ்சலை நான் கவனிக்கவில்லை. படியும் முழுமையாக எடுத்து வைத்திருக்கவில்லை. பாடங்கள் அனைத்தும் போயின என்றே எண்ணினேன். பங்கேற்றோர் குழுவில் செய்தியை எழுதியபோது கேரள நண்பர் மறுமொழி தந்தார். பயிலரங்கம் முடிந்த வாரமே அவர் அனைத்தையும் தரவிறக்கித் தம் கல்லூரியில் நிறுவியிருந்தார். படியை வைத்துக்கொள்ளும் உரிமையை ஐந்தனுள் ஒன்றாக நான் எண்ணிச் சொல்லியிருந்தேன். அதன் பொருளை அன்று அறிந்தேன்.

நிறைவுரை

இவ்வனுபவத்தின் அடிப்படையில் தமிழ்த் துறைகளின் கவனத்திற்குச் சிலவற்றை முன்வைக்க விரும்புகிறேன். மின்மூலங்களைப் பயன்படுத்தும் ஆய்வேடுகள் எந்தத் தொகுப்பு, எந்தக் கோப்பு, யார் உள்ளிட்டது என்பவற்றை அச்சுப் பதிப்பிற்குக் காட்டும் அதே கவனத்தோடு குறித்தல் வேண்டும். மின்மூலத்தை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தப் பட்டியல் தருவதை முதுகலை மாணவர்களின் பயிற்சியாக அமைக்கலாம். பயிலரங்குகளில் உருவாகும் பாடங்களை உரிமம் குறித்து வெளியிட்டால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு ஏதும் தேவையில்லை.

கேரள நண்பர் அனுப்பிய பாடத்தொகுப்பு இப்போது என்னிடம் மீண்டும் உள்ளது. அதன் தொடக்கத்தில் ஒரு தலைப்புப் பக்கம் சேர்த்திருக்கிறார். மின்கோப்பினைத் தட்டச்சு செய்தவராகவும் திருத்தியவராகவும் மும்பை அம்மையாரின் பெயர் முதலில் இருக்கிறது. மெய்ப்புப் பார்த்த அறுவரின் பெயர்கள் அடுத்து வருகின்றன. அதன் கீழே, அச்சுப் பதிப்பினைப் படித்து உதவியவர் என்று என் பெயர் இடம்பெற்றுள்ளது. அப்பக்கத்தை நீக்காமல் இவ்வாண்டு என் மாணவர்களுக்கு வழங்கியிருக்கிறேன்.